மார்கழிப் பனியில் செய்ய வேண்டியதும் செய்யாமல் விட வேண்டியதும்

மார்கழி பிறந்தால் ஊர் அடங்கிவிடும். கல்யாணம் கிடையாது, புதுமனை புகுவிழா கிடையாது. விடியற்காலையில் வாசலில் கோலம், அதன் நடுவே சாணப் பிள்ளையார், தலையில் ஒரு பூசணிப்பூ. திருவாதிரைக்குக் களி. கிறிஸ்தவக் குடும்பங்களில் நட்சத்திர விளக்கும் குடிலும். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்கள் ஆண்டுக் கடைசி விடுமுறையில் இரண்டு நாள் வந்து தங்கிப் போவார்கள். நடவும் களையெடுப்பும் முடிந்துவிட்டன. அறுவடைக்குத் தை பிறக்க வேண்டும். 'இப்போது வயலில் என்ன வேலை?' என்று தோன்றுகிற நாட்கள் இவை.

ஆனால் குடும்பத்தின் ஓராண்டு வருமானம் வயலில் நிற்பதும் இந்த நாட்களில்தான். சம்பா நெல் சில ஊர்களில் தொண்டைக் கதிரில் இருக்கிறது. சில ஊர்களில் பூத்து, பால் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாமரம் பூவெடுக்கத் தொடங்குகிறது. மனிதர்கள் போர்வைக்குள் இருக்கும் நேரத்தில் பனி வயலில் வேலை செய்கிறது. அது சில பயிருக்கு உணவு, சில பயிருக்கு நோய். எந்தப் பயிருக்கு எது என்று தெரிந்தவருக்கு மார்கழியில் வேலை குறைவு. செய்யாமல் விட வேண்டியதைச் செய்யாமல் விட்டாலே பாதிப் பயிர் பிழைத்துவிடும்.

பழைய கணக்கில் மார்கழியும் தையும் முன்பனிக் காலம், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்ற பழமொழி இந்தக் கணக்கில் வந்ததுதான். பகலில் வெயிலில் காய்ந்த நிலம், இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை போல நின்று சூட்டைத் திருப்பித் தரும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் சூடு முழுக்கப் போய்விடும். காற்றைவிட இலை அதிகமாகக் குளிரும். குளிர்ந்த இலையைத் தொடும் காற்றில் உள்ள ஈரம் அங்கேயே துளியாகி நிற்கும். ஆகவே பனி மேலிருந்து 'பெய்வது' இல்லை. இலையின் மேலேயே உண்டாகிறது.

இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. காலையில் அடுப்புப் புகை மேலே போகாமல் கூரை மட்டத்திலேயே படுத்துக் கிடந்தால், காற்று அசையவில்லை, குளிர்ந்த காற்று தரையோடு தேங்கி நிற்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட நாட்கள் தொடர்ந்து வந்தால், இலை காய நேரமாகும். இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்பதுதான் இந்த மாதத்தில் பல நோய்களைத் தீர்மானிக்கிறது. இந்த இதழுக்கான கேள்விகளும் பெரும்பாலும் பனியைச் சுற்றியே இருக்கின்றன.

கேள்வி: சம்பா நெல் கதிர் வரும் தறுவாயில் இருக்கிறது. பயிர் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. ஏக்கருக்கு ஒரு கை யூரியா போட்டால் பச்சை கட்டும் என்கிறார்கள். போடலாமா? (தஞ்சாவூர் மாவட்ட வாசகர்)

போடக் கூடாது. குளிர் நாட்களில் வேர் மெதுவாகத்தான் வேலை செய்யும். பயிர் சற்று வெளிறித் தெரிவது அதனாலும் இருக்கலாம். இந்த நேரத்தில் கூடுதலாகத் தழைச்சத்து கொடுத்தால் இலையும் தண்டும் மென்மையாகும். குளிர்ந்த இரவு, நெடுநேரம் ஈரமான இலை, கூடுதல் தழைச்சத்து மூன்றும் சேர்ந்தால் குலைநோய்க்கு விருந்து வைத்தது போல.

கதிர் வந்தபின் இந்த நோய் கதிரின் கழுத்தைப் பிடிக்கும். கதிர்க் காம்பின் கணு பழுப்பாகி, பிறகு கறுக்கும். அதற்கு மேல் சத்து ஏறாது. பால் பிடிக்கும் முன்பே நோய் வந்தால் கதிர் முழுவதும் பதர். பால் பிடித்தபின் வந்தால் மணி சிறுத்து, கதிர் கழுத்தில் ஒடிந்து தொங்கும். ஏக்கருக்கு 30 மூட்டை எதிர்பார்க்கிற வயலில் பத்துக்கு ஒரு கதிர் இப்படி வெளுத்தால் 3 மூட்டை போனது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சிறு விவசாயிக்கு அந்த 3 மூட்டைதான் உரக்கடை பாக்கி.

வெளுத்த கதிரைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன், அதைக் கையால் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். சுலபமாக உருவிக்கொண்டு வந்து, அடியில் கடித்த தடம் இருந்தால் அது தண்டுத் துளைப்பான் செய்த வெண்கதிர். உருவி வராமல், கழுத்துக் கணு கறுத்திருந்தால் குலைநோய். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்கு அடித்தால் காசும் போகும், கதிரும் போகும்.

நோய் இன்னும் வராத வயலில், சூடோமோனாஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம், அதாவது 200 லிட்டருக்கு 1 கிலோ கலந்து தெளிப்பது காப்பாக இருக்கும். இது வருமுன் காக்கும் வழிதான். வந்த நோயை விரட்டாது. இலையில் கண் வடிவப் புள்ளிகள் ஏற்கனவே இருந்தால், அந்த இலையையே கையில் எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலரிடம் காட்டி, அவர் சொல்லும் பூசணக்கொல்லியை உரிய அளவில் வாங்குவது நல்லது.

தெளிக்கும் நேரமும் முக்கியம். பனி காயாத இலையில் தெளித்தால் மருந்து நீர்த்து வழிந்துவிடும். நெல் பூக்கள் பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து நண்பகலுக்குள் திறந்து மூடும். அப்போது தெளித்தால் மகரந்தம் கெட்டு மணி பிடிப்பது குறையும். பொழுது சாய்ந்து தெளித்தால் இலை காய்வதற்குள் அடுத்த பனி வந்துவிடும். ஆக, மார்கழியில் தெளிப்புக்கு ஏற்றது பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை.

கேள்வி: சம்பா அறுப்புக்கு முன் உளுந்து தெளிக்க நினைக்கிறோம். மழை நின்றுவிட்டது. வெறும் பனியை நம்பித் தெளிக்கலாமா? (திருவாரூர் மாவட்ட வாசகி)

தாராளமாகத் தெளிக்கலாம். காவிரிப் படுகையில் நெல் தரிசு உளுந்தும் பயறும் காலங்காலமாக அப்படித்தான் விளைகின்றன. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் இரவுப் பனியும்தான் அவற்றுக்குத் தண்ணீர். நெல்லுக்கு நோய் கொண்டுவரும் அதே பனி உளுந்துக்கு உயிர் கொடுக்கிறது.

ஆனால் தெளிக்கும் நாளைத் தவறவிடக் கூடாது. அறுவடைக்கு 7 முதல் 10 நாளுக்கு முன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது தெளிக்க வேண்டும். காலை வைத்தால் தடம் பதிய வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. தண்ணீர் நின்றால் விதை அழுகும். மண் வெடிக்கத் தொடங்கிவிட்டால் முளைத்த பயிருக்கு வேர் இறங்காது. இயந்திரத்தால் அறுப்பதாக இருந்தால், வளர்ந்த முளை சக்கரத்தில் நசுங்காமல் இருக்க, தெளிக்கும் நாளை அறுவடைக்கு இன்னும் நெருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி திரும்பும் இடங்களில் சேதம் இருக்கும் என்பதால் அங்கே கொஞ்சம் கூடுதலாகத் தெளிக்கலாம். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை போதும்.

பூக்கும் தருணத்தில் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் ஒரு முறையும், 15 நாள் கழித்து இன்னொரு முறையும் தெளித்தால் காய் பிடிப்பு கூடும். டி.ஏ.பி.யை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் எடுத்துக் கலக்க வேண்டும்.

கரிசல் காட்டிலும் இதே கதைதான். கொண்டைக்கடலையும் கொத்தமல்லியும் மழை நின்றபின் மண் ஈரத்திலும் பனியிலும் வளர்பவை. கடலைச் செடியின் மேல் இரவில் வெள்ளைத் துணி விரித்து, காலையில் அது உறிஞ்சிய பனியைப் பிழிந்து 'கடலைப் புளிப்பு' எடுக்கும் பழக்கம் உண்டு. செடி சுரக்கும் புளிப்பு அந்தப் பனி நீரில் கலந்திருக்கும். சித்த மருத்துவத்தில் அதற்கு இடம் உண்டு.

கேள்வி: வெண்டை விதைத்து 10 நாள் ஆகிறது. பாதி கூட முளைக்கவில்லை. விதை கெட்டதா? கடைக்காரர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். (திண்டுக்கல் மாவட்ட வாசகர்)

விதை மேல் பழி போடும் முன் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெண்டை, சுரை, பூசணி, தர்பூசணி போன்றவை சூட்டை விரும்பும் விதைகள். இரவுக் குளிரில் மண் ஆறிக் கிடந்தால் அவை தூங்கும். நெடுநாள் ஈரமண்ணில் தூங்கும் விதை அழுகும். 'மார்கழியில் விதை போடாதே' என்று பல ஊர்களில் பெரியவர்கள் சொல்வதில் இந்த அனுபவமும் இருக்கிறது.

மிச்சமிருக்கும் விதையில் 20 எண்ணி, ஈரத் துணியில் சுற்றி, வீட்டுக்குள் சூடான இடத்தில் நான்கைந்து நாள் வைத்துப் பார்க்கலாம். அங்கே நன்றாக முளைத்தால் குறை குளிரில்தான். அங்கேயும் முளைக்காவிட்டால் ரசீதையும் விதைப் பையையும் எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலகத்துக்குப் போகலாம். ரசீது இல்லாமல் வாங்கிய விதைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

குளிரில் விதைத்தே ஆக வேண்டும் என்றால் விதையை இரவு ஊறவைத்து, மேலாக ஊன்றி, காலையில் அளவாகத் தண்ணீர் விட வேண்டும். மாலையில் விட்டால் மண் இன்னும் ஆறும். வீட்டுத் தோட்டத்துக்கு இந்த மாதத்தில் முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி, கீரை போன்றவை பொருத்தம். வெண்டையும் தர்பூசணியும் தை பிறந்து வெயில் ஏறியபின் நன்றாக வரும்.

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டம் சரிவில் இருக்கிறது. மேல் பாத்தி நன்றாக இருக்க, அடிவாரப் பாத்தி மட்டும் ஒரே இரவில் கருகிவிட்டது. ஏன்? (நீலகிரி மாவட்ட வாசகர்)

இது உறைபனியின் வேலை. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான புல்வெளிகளில் முதலில் வெள்ளை படர்கிறது. கீழ்ப் பாத்திக்குக் கீழே அடர்ந்த வேலியோ புதரோ இருந்தால், அது அணை போல நின்று குளிர்ந்த காற்றைத் தேக்கிவிடும். அந்த வேலியில் வழி விட்டால் காற்று இறங்கிப் போகும்.

உறைபனி வரும் என்று தெரிந்தால் முதல் நாள் பகலிலேயே மண்ணுக்குத் தண்ணீர் காட்டலாம். ஈரமண் பகல் சூட்டை அதிகம் பிடித்துவைக்கும். காய்ந்த மண் அப்படிப் பிடிக்காது. இளஞ்செடிகளுக்கு மாலையில் புல்லாலோ பெரணித் தழையாலோ மூடாக்குப் போட வேண்டும். கருகிய கொழுந்தை உடனே வெட்டக் கூடாது. வெட்டினால் துளிர்க்கும், அந்தத் துளிர் அடுத்த உறைபனியில் கருகும். உறைபனிக் காலம் முழுதாகக் கடந்தபின் கவாத்து செய்யலாம்.

கேள்வி: கன்றுக்குட்டி இரவில் நடுங்குகிறது, காலையில் மூக்கு ஒழுகுகிறது. கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி மூடி, உள்ளே மூட்டம் போடுகிறோம். சரியா? (சேலம் மாவட்ட வாசகி)

தார்ப்பாய் கட்டுவது சரி. முழுக்க மூடுவதும் உள்ளே புகை போடுவதும் தவறு. மூடிய கொட்டகையில் மூத்திர நெடியும் புகையும் சேர்ந்து கன்றின் நுரையீரலைக் கெடுக்கும். சளி இன்னும் கூடும். காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து, மேலே காற்றுப் போக இடம் விட வேண்டும். கன்றுக்குக் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து வருவது அதிகம். ஈரத் தரையில் படுக்காதபடி காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பி, நனைந்ததைத் தினமும் மாற்ற வேண்டும். இரவில் முதுகில் ஒரு சணல் சாக்கைக் கட்டிவிடலாம். இருமலோ காய்ச்சலோ இருந்தால், பால் குடிக்க மறுத்தால், கால்நடை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பனி காயாத புல்லில் மேயவிட்டால் நுனிப் புல்லில் ஏறி நிற்கும் குடற்புழுக்களின் இளம்புழுக்கள் வயிற்றுக்குள் போகும். வெயில் ஏறிப் புல் காய்ந்தபின் பட்டியைத் திறப்பதே நல்லது.

கேள்வி: மாமரத்தில் பூ வரத் தொடங்கிவிட்டது. இப்போது தண்ணீர் விட்டால் பூ கூடுமா? (கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்)

கூடாது. காய்ப்புக்கு வந்த மாமரம் பூக்கக் குளிரும் வறட்சியும்தான் தூண்டுகோல். பூவெடுக்கும் நேரத்தில் தண்ணீர் விட்டால் பூவுக்குப் பதில் தளிர் வரும். பட்டாணி அளவு பிஞ்சு பிடித்தபின் தண்ணீர் கொடுக்கலாம். பூங்கொத்தில் வெள்ளை மாவு தூவியது போலத் தெரிந்தால் அது சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். பூ முழுக்க விரிந்து தேனீ வரும் நேரத்தில் பூச்சிமருந்து எதையும் அடிக்காமல் இருப்பது நல்லது. அடித்தால் காய் பிடிக்க வைக்கும் பூச்சிகளும் சாகும்.

அமைதியான மாதத்தில் திடீர் மழை

மார்கழி அமைதியானது என்று முழுக்க நம்பிவிடவும் முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, கடலூர் மாவட்டத்தின் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2021 ஜனவரியில் பெய்த மழை டெல்டாவில் அறுவடைக்குத் தயாரான சம்பாவைச் சாய்த்து, வயலிலேயே முளைக்க வைத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது.

ஆகவே வடிகால் வாய்க்கால்களைத் தூர் வாரி வைக்க இதுவே நேரம். முதிர்ந்த வயலில் அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட்டால் மழை வந்தாலும் பயிர் சாய்வது குறையும். பயிர்க் காப்பீடு செய்தவர்கள் பிரீமிய ரசீது, அடங்கல் நகல், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் ஒரே பையில் போட்டு வைக்க வேண்டும். அறுத்து உலரப்போட்ட பயிருக்கான இழப்பீடு உங்கள் மாவட்டத்தில் அறிவிக்கப்பட்டிருந்தால், சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்போது காகிதம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

முன்கூட்டியே அறுக்கிறவர்கள் பனி காய்ந்தபின், காலை 10 மணிக்கு மேல் வண்டியை இறக்குவது நல்லது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பொதுவான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். பனியோடு அறுத்த நெல் அந்த வரம்பைத் தாண்டிவிடும். களத்தில் குவித்த நெல்லையும் பொழுது சாயும் முன் மூடி, காலையில் பனி விலகியபின் திறந்து பரப்ப வேண்டும்.

விடுமுறையில் ஒரு கணக்கு

விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்திருக்கும் இரண்டு நாளில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஆண்டின் கணக்கை எழுதிவிடலாம். உழவு, விதை, உரம், மருந்து, ஆள் கூலி, வண்டி வாடகை என்று கையிலிருந்து போனது ஒரு பக்கம். விற்று வந்தது இன்னொரு பக்கம். வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் வயலில் நின்ற நாட்களையும் எண்ணி, ஊர்க் கூலி போட்டு எழுத வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒரு வரி எழுதப்படுவதே இல்லை. எழுதினால்தான் எந்த வயல் சோறு போட்டது, எந்த வயல் உழைப்பைத் தின்றது என்று தெரியும். வெளியூரில் இருக்கும் பிள்ளை 'இதில் என்னப்பா மிச்சம்?' என்று கேட்டால் சண்டை போடாமல் காட்ட ஒரு பக்கம் இருக்கும்.

அதே நோட்டில் கடைசி மழை பெய்த நாள், முதல் பனி கண்ட நாள், நெல் பூத்த நாள், மா பூத்த நாள் ஆகியவற்றையும் குறித்து வைக்கலாம். ஐந்தாண்டு சேர்ந்தால் அந்த ஊருக்கு அதைவிட நல்ல பஞ்சாங்கம் கிடையாது.

வரும் பதினைந்து நாளுக்கு

தினமும் காலையில் பனி இருக்கும்போதே ஒரு சுற்று வயலைப் பார்க்கவும். கையில் டார்ச்சும் காலில் செருப்பும் இருக்கட்டும்.
கதிர் வந்த நெல்லுக்கு யூரியா வேண்டாம்.
தெளிப்பு எதுவானாலும் பிற்பகல் 2 மணி முதல் 4 மணிக்குள்.
உளுந்து விதையை இப்போதே வாங்கி முளைப்புப் பார்த்து வைக்கவும்.
வடிகாலை வெட்டி வைக்கவும். காப்பீட்டுக் காகிதங்களை ஒரே பையில் போடவும்.
ஆட்டுப் பட்டியைப் பனி காய்ந்தபின் திறக்கவும்.

கேள்வி அனுப்புகிறவர்கள் பயிரின் ரகம், நட்ட தேதி, கடைசியாகப் போட்ட உரம், மண்ணின் தன்மை ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால் பதில் அந்த வயலுக்கே பொருந்தும்.